சொல் இல்லாத இடம்: வெற்றிப் பாட்டும் ப்ராக் ராக்கும்

(உடுமலைப்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உடுமலைக்கு ஒருவரைத் திரைப்பாட்டைப் பற்றிப் பேச அழைத்தால், அவர் சொல்லைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம். பக்கத்துப் பூளவாடியில் 1899இல் பிறந்த நாராயணகவிக்கு மணிமண்டபம் கட்டிய ஊர் இது. ‘பராசக்தி’யில் காக்கையைக் கூப்பிட்டுச் சமூகத்துக்குப் புத்தி சொன்னவர், கலைவாணருக்கு ஏராளமாக எழுதிக்கொடுத்தவர், பகுத்தறிவுக் கவிராயர் என்று பெயர் வாங்கியவர். அவர் ஊரில் பாட்டு என்றால் சொல்தான். ஆனால் நான் இன்றைக்குப் பேசப்போவது பாட்டில் சொல் நின்றுபோகிற இடத்தைப் பற்றி. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்கு முன்னால் அரை நிமிடமோ முக்கால் நிமிடமோ வருகிறதே, அந்த இடம். நம் மாரியம்மன் திருவிழா மேடைகளில் வாசிக்கிற மெல்லிசைக் குழுக்காரர்கள் அதை ‘ஃபர்ஸ்ட் பி.ஜி.எம்., செகண்ட் பி.ஜி.எம்.’ என்பார்கள். நான் இடையிசை என்றே சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, வெகுஜன வெற்றிப் பாட்டும் ப்ராக்ரஸிவ் ராக் என்கிற இசை வகையும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பது. உடுமலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முகத்திலேயே கேட்கிறார். சம்பந்தம் இருக்குதுங்க. அதற்கு முதலில் கொஞ்சம் இங்கிலாந்து வரைக்கும் போய்வர வேண்டும்.

1960களின் கடைசியில் இங்கிலாந்தில் ராக் இசை வாசித்துக்கொண்டிருந்த சில இளைஞர்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. பீட்டில்ஸ் 1967இல் ‘சார்ஜண்ட் பெப்பர்’ தொகுப்பில் ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். 1969இல் கிங் கிரிம்சன் குழுவின் முதல் தொகுப்பு வந்தது. 1972இல் யெஸ் குழு ஒரு முழு இசைத்தட்டில் மூன்றே மூன்று பாட்டு வைத்தது; அதில் ஒன்று ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜெத்ரோ டல் குழு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டு என்று வெளியிட்டது. அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கும் போனது. தாளம் நடுவில் மாறும். மேற்கத்திய செவ்வியல் இசையின் அடுக்குகள் ராக்கின் கிதாரோடு சேரும். ஒரு கதையோ கருத்தோ தொகுப்பு முழுக்க ஓடும். இதைத்தான் சுருக்கமாக ப்ராக் என்கிறார்கள்.

கதையைப் பல துண்டாக்கிப் பாட்டும் வசனமுமாக நீட்டிச் சொல்வது நமக்குப் புதிதில்லை. உடுக்கை அடித்து இரவிரவாகச் சொல்லும் அண்ணன்மார் கதையைக் கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டுக்காரனிடம் போய், நாற்பது நிமிடம் ஒரே பாட்டு என்று ஆச்சரியமாகச் சொன்னால், ‘அவ்வளவுதானா?’ என்பான்.

இந்த இசைக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. கெட்டிக்காரப் பையன்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற இசை, சாதாரணக் காதுக்கு எட்டாதது என்று. 1976, 77 வாக்கில் பங்க் இசைக்காரர்கள் வந்து மூன்று கார்டு, இரண்டு நிமிடம், அவ்வளவு போதும் என்று ஏளனம் செய்தபோது இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் விற்பனைப் பட்டியல்களைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973இல் வந்தது. அமெரிக்கப் பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரம் இருந்தது. அதில் ‘மணி’ என்றொரு பாட்டு. கல்லாப்பெட்டி, சில்லறை, ரசீதுக் காகிதம் ஆகியவற்றின் சத்தங்களைத் துண்டுதுண்டாக ஒட்டித் தாளமாக்கியிருப்பார்கள். அந்தத் தாளம் ஏழு எண்ணிக்கை. அமெரிக்காவில் அது 13ஆம் இடம் வரை ஏறியது. ஏழு எண்ணிக்கைப் பாட்டுக்கு ஆட முடியாது என்று நினைத்திருந்த ஊரில் கார் ஓட்டிக்கொண்டே ஜனங்கள் அதைப் பாடினார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சாக்ஸபோன் தனியாவர்த்தனம் வரைக்கும் ஏழிலேயே போகிற பாட்டு, கிதார் தனியாவர்த்தனம் வந்ததும் நாலுக்கு மாறிவிடுகிறது. கிதார்காரர் சிறகை விரிக்க நாலுதான் வசதி. எந்த இடத்தில் பிடிவாதம், எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது என்று அந்தக் குழுவுக்குத் தெரிந்திருக்கிறது.

பீட்டர் கேப்ரியல், ஜெனிசிஸ் குழுவைவிட்டு வெளியேறியபின் 1977இல் வெளியிட்ட ‘சால்ஸ்பரி ஹில்’லும் ஏழு எண்ணிக்கைதான். அவர் விட்டுவந்த அதே ஜெனிசிஸ் 1980இல் ‘டர்ன் இட் ஆன் அகெய்ன்’ என்று பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரு பாட்டைப் போட்டு, பிரிட்டிஷ் பட்டியலில் முதல் பத்துக்குள் கொண்டுவந்தது. இரண்டிலும் ஒரே தந்திரம். அடி சீராக, நடக்கிற காலடிபோல விழுந்துகொண்டே இருக்கும். மேலே மெட்டு தன் கணக்கைத் தனியாக வைத்துக்கொண்டிருக்கும். கேட்கிறவனுக்குக் கணக்குத் தெரியாது. ஏதோ ஒன்று தன்னை முன்னால் தள்ளுகிறது என்று மட்டும் தெரியும்.

இன்னொரு வழி, தயாரிப்பாளர் காட்டுகிற வழி. பிங்க் ஃப்ளாய்டின் ‘அனதர் பிரிக் இன் தி வால்’ முதலில் ஒரே ஒரு சரணமும் பல்லவியும் கொண்ட சின்னத் துண்டு. தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் அதற்கு டிஸ்கோ நடையில் டிரம்ஸ் வைக்கச் சொன்னார். இருந்த சரணத்தையே இரட்டித்தார். லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பாடவைத்து இரண்டாம் முறையில் சேர்த்தார். 1979 கிறிஸ்துமஸுக்கு அது பிரிட்டனில் முதலிடம். யெஸ் குழுவுக்கும் 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் கிடைத்தது, ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ பாட்டுக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு போட்டவர்கள், பன்னிரண்டு ஆண்டு கழித்து நாலரை நிமிடத்துக்குள் வந்துசேர்ந்தார்கள். பழைய ரசிகர்களில் பலர் அதைத் துரோகம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பாட்டுக்குள் திடீரென்று வெட்டி ஒட்டியதுபோல வாத்தியக் கூட்டம் வெடிக்கிற இடங்களில் பழைய யெஸ்ஸின் குறும்பு அப்படியே இருக்கிறது.

இனி நம்மூர். இங்கே பாட்டின் அளவை முடிவு செய்தது 78 சுற்று இசைத்தட்டு. ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காத பாட்டு தட்டின் மறுபக்கத்துக்குப் போகும். நாராயணகவி எழுதிக்கொண்டிருந்த காலம் முழுக்க இந்தக் கட்டுப்பாடு இருந்தது. அந்த நெருக்கடியில் பல்லவி, சரணம், நடுவில் கொஞ்சம் வாத்தியம் என்ற வடிவம் உறுதிப்பட்டது. தொடக்கத்தில் அந்த வாத்தியம் பாடகர் மூச்சுவாங்கிக்கொள்ள, திரையில் கதாநாயகி மரத்தைச் சுற்றி அடுத்த பக்கம் வர. அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. விஸ்வநாதன் ராமமூர்த்தி அதற்கு வேலை கொடுத்தார்கள். 1964இல் ‘புதிய பறவை’யில் ‘எங்கே நிம்மதி’யைக் கேளுங்கள். அங்கே வாத்தியக் கூட்டமும் கோரஸும் பாடகரைத் துரத்துகின்றன. சிவாஜி ஓட, இசை பின்னால் வருகிறது. அந்தப் பாட்டில் வாத்தியம் நின்றுவிட்டால் கதையே நின்றுவிடும்.

1976இல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜா வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர்; லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வு எழுதியவர்; ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து வாத்தியக்காரர்களுக்கு நொட்டேஷன் எழுதியவர். அவர் பெயர் சொன்னதும் ‘அன்னக்கிளி’யின் கிராமத்து மெட்டுதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. என் வாதம் வேறு: மெட்டு ஜனங்களுக்கு, இடையிசை தனக்கு என்று அவர் ஒரு பாகப்பிரிவினை செய்துகொண்டார். இங்கிலாந்துக்காரர்கள் வெற்றிக்கும் சோதனைக்கும் நடுவில் எப்போதாவது பாலம் கட்டினார்கள். இங்கே இரண்டும் ஒரே நாலரை நிமிடத்தில், ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு, வாரத்துக்கு ஒரு படம் என்ற வேகத்தில் வந்துகொண்டிருந்தன.

ஏன் இது இங்கே முடிந்தது? பல்லவி திரும்பி வரும் என்று கேட்கிறவனுக்குத் தெரியும். அந்த நிச்சயம் இருப்பதால் நடுவில் அவனை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம். யெஸ் குழுவின் பதினெட்டு நிமிடப் பாட்டில் வழி தெரியாமல் தவிக்கிற காது, இங்கே முப்பது நொடி நிம்மதியாகத் தொலைந்து போகிறது. படம் ஓட்டுகிறவருக்கும் கவலையில்லை, தயாரிப்பாளருக்கும் கவலையில்லை. அந்த நேரத்தில் திரையில் ஊட்டி இருக்கிறது.

சில பாட்டுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1978, ‘சிட்டுக்குருவி’, ‘என் கண்மணி’. வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும் பாடியது. நகரப் பேருந்தில் போகிற காதலர்களின் மனசுக்குள் ஓடுகிற பாட்டு. இரண்டு குரல் இழைகள். ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நுழைகிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்தாலும் பொருள் தருகிறது, சேர்த்தாலும் தருகிறது. மேற்கத்திய இசையில் கவுண்டர்பாயிண்ட் என்று சொல்லி, பாக் என்ற இசைமேதையின் காலத்திலிருந்து பாடம் நடத்துகிற விஷயம் இது. நடுவில் நடத்துநர் நிறுத்தத்தைக் கூவுகிறார். கவுண்டர்பாயிண்ட் பயிற்சி ஒன்று பேருந்துக்குள் உட்கார்ந்துகொண்டு, ஊரெல்லாம் முணுமுணுக்கிற பாட்டாகிவிட்டது. வாலியின் கெட்டிக்காரத்தனத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். சொல்லைப் பற்றிப் பேசமாட்டேன் என்றேன். ஆனால் இரண்டு பக்கமும் பொருந்துகிற சொல் கிடைக்காவிட்டால் அந்த மெட்டு நோட்டுப் புத்தகத்திலேயே கிடந்திருக்கும்.

1985, மணிரத்னத்தின் ‘பகல் நிலவு’, ‘பூமாலையே தோள் சேரவா’. இளையராஜாவும் ஜானகியும். பல்லவியிலேயே ஒரு குரல் பாட, இன்னொரு குரல் வேறு மெட்டில் அதன்மேல் படர்கிறது. இந்தப் பாட்டைக் கல்யாண மண்டபத்தில் ஒருவர் மட்டும் பாடிப் பார்த்திருக்கிறீர்களா? ஏதோ குறையும். எது குறைகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஒற்றை மெட்டிலேயே பழகிய தமிழ்க் காது, இரண்டு மெட்டை ஒன்றாகக் கேட்கப் பழகிக்கொண்டது இப்படித்தான். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

‘இளைய நிலா’, 1982, ‘பயணங்கள் முடிவதில்லை’. அந்தப் பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிதார் இல்லாவிட்டால் பாட்டே இல்லை. அடுத்த ஆண்டே மெட்டு இந்திக்குப் போனபோது கிதாரும் கூடவே போனது. ‘பகல் நிலவு’ வந்த அதே 1985இல் ‘சிந்து பைரவி’யில் ‘கலைவாணியே’ என்று ஜேசுதாஸ் பாடியதை நினைவுகூருங்கள். கல்யாணி ராகத்தின் ஆரோகணத்தை மட்டுமே வைத்துக் கட்டிய பாட்டு. ஸ்வரங்கள் ஏறுமே தவிர இறங்கா. இப்படித் தனக்குத் தானே ஒரு விதி போட்டுக்கொண்டு அதற்குள் விளையாடுவது ப்ராக்காரர்களுக்கு மிகப் பிடித்த வேலை. ஆனால் அவர்கள் விதியைத் தொகுப்பின் உறையில் அச்சடித்துப் பெருமைப்படுவார்கள். இங்கே டீக்கடையில் அது ஓடிக்கொண்டிருந்தபோது யாருக்கும் விதி தெரியாது.

இனி என் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். 2002இல் பி.பி.சி. உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி உலகத்துக்கே பிடித்த பாட்டு எது என்று நேயர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. முதல் பத்தில் நாலாவது இடம், ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. பத்தாவது இடம், குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்ஸடி’. இந்தப் பட்டியலைத் தரச்சான்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலிடம் ஒரு ஐரிஷ் தேசபக்திப் பாட்டுக்கு, இரண்டாமிடம் வந்தே மாதரத்துக்கு, மூன்றாமிடம் ஒரு பாகிஸ்தான் பாட்டுக்குப் போனது. யார் எவ்வளவு ஊக்கமாக வாக்குப் போட்டார்கள் என்பதுதான் அதில் தெரிகிறது. எனக்குச் சுவையாக இருப்பது வேறு: இந்த இரண்டு பாட்டுக்கும் உடம்பு ஒன்று.

‘பொஹீமியன் ராப்ஸடி’ 1975 அக்டோபர் கடைசியில் வந்தது. ஐந்து நிமிடம் ஐம்பத்தைந்து நொடி. வானொலிக்கு இது நீளம் என்று நிறுவனத்தார் தயங்கினார்கள். கென்னி எவரெட் என்ற வானொலி அறிவிப்பாளர் ஒரே வார இறுதியில் அதைப் பதினான்கு முறை ஒலிபரப்பினார்; பிறகு ஒன்பது வாரம் முதலிடம். பியானோவோடு ஒரு சோகப் பாட்டாகத் தொடங்குகிறது. நடுவில் கதவு திறந்ததுபோல ஓபரா வந்துவிடுகிறது. மூன்றே பேர் தங்கள் குரலைத் திரும்பத் திரும்பப் பதிந்து ஒரு பெருங்கூட்டமாக்கியிருக்கிறார்கள். அதன்பின் முரட்டு ராக். கடைசியில் மறுபடியும் மெதுவாக அடங்குகிறது. அதில் திரும்பி வருகிற பல்லவி என்று ஒன்று கிடையாது. இருந்தும் அது வெற்றிப் பாட்டு.

‘ராக்கம்மா’ 1991 தீபாவளிக்கு வந்தது. அதே நவம்பரில் குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இறந்து, ‘ராப்ஸடி’ மறுபடி பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. ‘ராக்கம்மா’ எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் சுவர்ணலதாவும் பாடியது. ஏழு நிமிடத்தை ஒட்டி வரும். குத்தாட்டம் போடுகிற மெட்டு. ஆனால் முதல் சில நொடியிலேயே வயலின் கூட்டம் ஒரு செவ்வியல் வாக்கியம் பேசிவிட்டுத்தான் பாட்டை ஆடவிடுகிறது. ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது அது நின்று, அப்பர் சுவாமிகளின் ‘குனித்த புருவமும்’ தேவாரம் வருகிறது. பக்திப் படமாக இருந்தால் பரவாயில்லை. இது ரஜினிகாந்த் ஆடுகிற பாட்டு. தியேட்டரில் விசிலடித்துக்கொண்டிருந்தவன் தேவாரம் முடிகிறவரைக்கும் எழுந்து போகவில்லை. அது முடிந்து தாளம் திரும்பியதும் இன்னும் பலமாக அடித்தான். இங்கிலாந்துக்காரன் ஓபராவைக் கேலியும் அன்பும் கலந்து உள்ளே கூப்பிட்டான். இளையராஜா தேவாரத்தைக் கேலியில்லாமல் கூப்பிட்டார். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான்: ஜனங்கள் உறுதியாக உட்கார்ந்திருக்கிற பாட்டின் நடுவில் வேறொரு இசையுலகத்தையே கொண்டுவந்து வைத்தார்கள். அதே படத்தில் ‘சுந்தரி கண்ணால்’ பாட்டின் இடையிசையில் போர்க்களம் வருகிறது. கல்யாணியில் கொஞ்சிக்கொண்டிருந்த பாட்டுக்குள் பித்தளை வாத்தியங்களும் முரசும். அதைத் தனியாக எடுத்து ஒரு ப்ராக் ரசிகரிடம் கொடுத்தால், எந்தக் குழுவின் எந்தத் தொகுப்பு என்று கேட்பார்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வரட்டும். இதெல்லாம் ராக் இல்லையே, வாத்தியக் கூட்டத்தை ஒருவர் எழுதி நடத்துகிற இசைதானே, குழுவாகக் கூடி உருவாக்குவதுதானே ப்ராக் என்று. உண்மை. டிரம்ஸ் புருஷோத்தமனும் பேஸ் கிதார் சசிதரனும் எவ்வளவு சிறப்பாக வாசித்தாலும் தாளில் எழுதியதைத்தான் வாசித்தார்கள். வகையின் பெயரை நான் பிடித்துக்கொள்ளவில்லை. வகை உருவான காரணத்தைப் பார்க்கிறேன்: கூடப் பாடுகிற ஜனங்களை இழக்காமல் எவ்வளவு தூரம் போகலாம் என்ற ஆசை. அந்த ஆசை லண்டனிலும் கோடம்பாக்கத்திலும் ஒன்று.

அப்படியென்றால், ஜனங்களைப் பற்றிய கவலையே இல்லாமல் இளையராஜா செய்தது என்ன? 1986இல் ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பு வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின். பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று ஒரு துண்டுக்குப் பெயர். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’. பாலு மகேந்திரா ‘வீடு’ படத்துக்குப் பின்னணியாக முதல் தொகுப்பையே எடுத்துக்கொண்டார். இந்த இரண்டையும் மதிக்கிறேன், அடிக்கடி கேட்கிறேன். ஆனாலும் என் தராசில் ‘பூமாலையே’ இவற்றைவிடக் கனமாக நிற்கிறது. சொன்னால் சண்டைக்கு வருகிற நண்பர்கள் எனக்கு உண்டு. ‘ஹவ் டு நேம் இட்?’டில் பாக்கும் தியாகராஜரும் சந்தித்துப் பேசுகிறார்கள், மரியாதையான பேச்சு. ‘பூமாலையே’வில் அவர்கள் சந்தித்தது யாருக்கும் தெரியாது; ஒரு காதலனும் காதலியும்தான் தெரிகிறார்கள். நாலரை நிமிடம், தயாரிப்பாளர், டைரக்டர், திரையில் வாயசைக்கப்போகிற நடிகர் என்று இத்தனை கட்டுகள் இருந்தபோது வந்த துணிச்சல், கட்டு அவிழ்ந்தபோது கொஞ்சம் அடக்கமாகிவிட்டது. யெஸ் குழுவுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஏழு தாளத்தை ஐந்து ஜாதியால் பெருக்கி முப்பத்தைந்து தாளம் வைத்திருக்கிற நாடு நம்முடையது. மிஸ்ர சாபுவின் ஏழு நமக்குத் தாலாட்டு மாதிரி. ஆனால் நம் திரைப்பாட்டு வெற்றிகளில் பெரும்பான்மை நாலிலும் ஆறிலும்தான் நடக்கிறது. ஏழும் பதின்மூன்றும் இங்கிலாந்துக்காரனுக்குப் புதுமை. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். அடுக்கு மெட்டும் ஹார்மனியும் நமக்குப் புதுமை. நாம் அதைப் பிடித்துக்கொண்டோம். இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக் குழம்பைத்தான் ருசித்திருக்கிறார்கள்.

குழம்பு அந்தப் பக்கம் போனதற்கு ஆள் சாட்சியும் உண்டு. கிதார்காரர் ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா 1973இல் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தொகுப்பை அமெரிக்கப் பட்டியலில் 15ஆம் இடம் வரை கொண்டுபோனது. வாய்பாடு மாதிரி எண்ணினால்தான் பிடிபடுகிற தாளங்கள் அதில். பிறகு 1975 வாக்கில் அவர் சக்தி குழுவில் எல். சங்கரின் வயலினோடும் விக்கு விநாயகராமின் கடத்தோடும் உட்கார்ந்தார். சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை சொல்லிக்கொடுத்தவர். மகன்கள் வளர்ந்ததும் அங்கேதான். அந்தச் சங்கர் 1979இல் ஃப்ராங்க் ஸப்பாவின் தயாரிப்பில் தனித்தொகுப்பு வெளியிட்டார். பீட்டர் கேப்ரியலோடு வாசித்தார். ஜெனிசிஸின் டிரம்ஸ்காரர் ஃபில் காலின்ஸ் 1981இல் தனியாகப் போட்ட முதல் தொகுப்பில் வயலின் வாசித்தார். ‘இன் தி ஏர் டுநைட்’ என்ற உலக வெற்றிப் பாட்டு அடங்கிய தொகுப்பு அது. ப்ராக்கும் வெகுஜனப் பாட்டும் உரசிக்கொண்ட அந்தச் சரியான இடத்தில் ஒரு தமிழ் வயலின் இருந்திருக்கிறது.

நம் உடுமலையின் தாளத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போகும் வழியில் யாராவது மடக்கிக் கேட்பீர்கள். பொங்கலையொட்டிச் சோமவாரப்பட்டி மாலக்கோயிலில் உறுமிச் சத்தம் கேட்டிருப்பீர்கள். தேவராட்டம் பார்த்திருப்பீர்கள்: பாட்டே கிடையாது, தேவதுந்துபியின் அடி மட்டும்; அடி மாற மாற ஆட்டம் மாறும். சொல்லே இல்லாமல் ஒரு மணி நேரம் ஜனங்களைக் கட்டிப்போட முடியும் என்பதற்கு இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு லண்டன் சான்று தேவையில்லை. எண்பதுகளில் இங்கே பதிவுக் கடைகளில் காலி கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். பக்கம் முடிகிற இடத்தில் கடைசிப் பாட்டு இடையிசையில் அறுந்துபோகும். அந்த அறுந்த இடம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. முழுப் பாட்டைக் கேட்கும்போதும் அங்கே வந்ததும் ஒரு நொடி மூச்சு நிற்கும்.

ரகுமானைப் பற்றிச் சுருக்கமாக. 1992க்குப் பின் அவர் பல்லவி சரணம் என்ற பங்கீட்டையே கலைத்தார். இடையிசை தனியாக இல்லை. பாட்டு முழுக்க ஒலிதான். 1993இல் ‘திருடா திருடா’வின் ‘ராசாத்தி’யில் வாத்தியத்தையே எடுத்துவிட்டுக் குரல்களை மட்டும் வைத்தார். 2010இல் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் ‘ஆரோமலே’: மலையாளச் சொல், அல்ஃபோன்ஸ் ஜோசப்பின் குரல், புளூஸ் கிதார், கட்டுக்கடங்காத ஏற்றம். சொல் புரியாத பையன்களும் தமிழ்நாடெங்கும் அதைப் பாடினார்கள். பெங்களூரின் அகம் குழு தியாகராஜர் கீர்த்தனைகளை ப்ராக் ராக்காகவே வாசித்து, கல்லூரி விழாக்களில் ஆயிரக்கணக்கானவர்களை எழுப்பி நிறுத்துகிறது. அவர்கள் தங்கள் இசையை நேராகவே ப்ராக் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

கவலை ஒன்றும் உண்டு. முப்பது நொடி ரீல்ஸுக்குப் பாட்டு எழுதுகிற காலத்தில் முதலில் வெட்டுப்படுவது இடையிசை. பாடுகிறவர் வாய் மூடிய மறுநொடி விரல் திரையைத் தள்ளிவிடும் என்று இசையமைப்பாளர் பயப்படுகிறார். பயம் நியாயமானதுதான். அதனால் கொக்கி மட்டும் மிஞ்சுகிறது, மீன் பிடிக்க நேரமில்லை. இளையராஜாவே 2025 மார்ச் 8இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு தன் சிம்பொனியை அரங்கேற்றினார். பாகப்பிரிவினை முழுமையாகிவிட்டது என்று தோன்றியது: சிம்பொனி அந்தப் பக்கம், பாட்டு இந்தப் பக்கம். ஒன்றாகக் குடியிருந்த காலத்தைத்தான் நான் இவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ராக் உலகத்தில் பாடகர் பெயர் தெரிந்த அளவுக்குக் கிதார்காரர் பெயரும் டிரம்ஸ்காரர் பெயரும் ரசிகனுக்குத் தெரியும். நம் கேசட் அட்டைகளில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும். இடையிசையை வாசித்தவர்கள் பெயர் இருக்காது. கிதார் சந்திரசேகர், பேஸ் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், வயலின் நரசிம்மன், புல்லாங்குழல் நெப்போலியன் என்கிற அருண்மொழி, கீபோர்டு விஜி மானுவல் ஆகிய பெயர்களை இந்த அவையில் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு வந்தேன்.

அறக்கட்டளையை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு என்னைப் போலப் பேசுகிற ஆளை அழைக்காதீர்கள். திருவிழா மேடைகளில் வாசிக்கிற நம்மூர்க் குழு ஒன்றைக் கூப்பிடுங்கள். பாடகர் வேண்டாம். ‘ராக்கம்மா’வின் வயலினும், ‘சுந்தரி’யின் போர்க்களமும், ‘இளைய நிலா’வின் கிதாரும், இடையிசை மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மணி நேரம் வாசிக்கட்டும். எத்தனை பேர் எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்கிறீர்கள் என்று நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.